வீட்டுப் பட்டறைக்கு முட்டும் பிடியும்: வாசகர் கேள்வி பதில்

சிறிய லேத்தோ (கடைசல் இயந்திரமோ) டிரில்லிங் மெஷினோ வைத்து வீட்டிலேயே வேலை செய்பவர்கள், ஜாபை, அதாவது வேலைக்கு எடுத்த துண்டை, பிடிப்பதில் தாங்கள் படும் சிரமங்களை எழுதி அனுப்பலாம் என்று கேட்டிருந்தோம். வந்த கடிதங்களைப் படித்தபோது, பிடி தளர்ந்து கெட்ட வேலையைவிட முட்டு இல்லாமல் கெட்ட வேலையே அதிகம் என்று தெரிந்தது. ஆகவே இந்த இதழில், கையால் செய்துகொள்ளக்கூடிய முட்டுகளைப் பற்றிய கேள்விகளுக்கே இடம் கொடுத்திருக்கிறோம்.

ஐயா, 10 மி.மீ. எம்.எஸ். (மைல்ட் ஸ்டீல்) தண்டை லேத்தின் சக்கில், அதாவது சுழலும் தாடைப் பிடியில், பிடித்து, 120 மி.மீ. வெளியே விட்டுக் கடைந்தால், சக் பக்கம் அளவு சரியாகவும் நுனியில் 0.3 மி.மீ. பருமனாகவும் வருகிறது. லேத் புதியது. இது லேத்தின் கோளாறா? தண்டை இடையில் தாங்கும் ஸ்டெடி ஒன்றை நாமே செய்துகொள்ள முடியுமா?
— வாசகர், அம்மாபேட்டை, சேலம்

முதலில் தண்டைச் சந்தேகியுங்கள், லேத்தைப் பிறகு பார்க்கலாம். ஒரு முனையில் மட்டும் பிடிக்கப்பட்ட தண்டை டூல் தள்ளும்போது அது பின்வாங்குகிறது. பின்வாங்கிய அளவுக்கு டூல் குறைவாக வெட்டுகிறது. அதனால்தான் சக்கிலிருந்து விலக விலகப் பருமன் கூடுகிறது. விட்டத்தில் 0.3 மி.மீ. மிச்சம் என்றால் தண்டு 0.15 மி.மீ. ஒதுங்கியிருக்கிறது என்று பொருள். 10 மி.மீ. எஃகுத் தண்டு 120 மி.மீ. நீட்டிக்கொண்டு நிற்கும்போது, அதன் நுனியை அந்த அளவுக்கு ஒதுக்க இரண்டரை கிலோ எடைக்குச் சமமான விசையே போதும். முனை மழுங்கிய டூல் அதைவிட அதிகமாகவே தள்ளும். வளைவு நீளத்தின் மூன்றாம் அடுக்கில் கூடுகிறது என்பதால், அதே தண்டை 60 மி.மீ. மட்டும் வெளியே விட்டால் ஒதுக்கம் எட்டில் ஒரு பங்காகிவிடும். விட்டத்தின் நான்காம் அடுக்கில் குறைகிறது என்பதால், அதே 120 மி.மீ. நீளத்தில் 20 மி.மீ. தண்டு பதினாறில் ஒரு பங்குதான் வளையும். விட்டத்தைப் போல மூன்று நான்கு மடங்கு நீளம் வரை சக் மட்டும் போதும், பத்துப் பன்னிரண்டு மடங்கு வரை டெயில்ஸ்டாக் சென்டர் (சக்குக்கு எதிர்முனையில் நின்று தண்டின் நுனியைத் தாங்கும் கூம்பு) வேண்டும், அதற்கு மேல் ஸ்டெடி வேண்டும் என்று பட்டறைகளில் சொல்லும் வழக்கம் இந்தக் கணக்கிலிருந்து வந்ததுதான்.

லேத்தையும் ஒருமுறை சோதித்துவிடுவது நல்லது. 30 மி.மீ. தண்டு ஒன்றை 100 மி.மீ. நீட்டிப் பிடித்து, கூரான டூலால் மிக மெல்லிய கட் எடுத்துப் பாருங்கள். இரு முனையிலும் ஒரே விட்டம் வந்தால் லேத் குற்றமற்றது. அப்போதும் சரிவு வந்தால் ஹெட்ஸ்டாக் (சக்கைச் சுழற்றும் தலைப்பகுதி) பெட்டுக்கு (லேத்தின் நீண்ட அடித்தளத்துக்கு) நேராக உட்காரவில்லை, அல்லது பெட்டே முறுகியிருக்கிறது. அதை எந்த ஸ்டெடியாலும் சரிசெய்ய முடியாது.

உங்கள் தண்டுக்கு முதல் மருந்து டெயில்ஸ்டாக் சென்டர். நுனியில் சென்டர் துளை போட்டு முட்டுக் கொடுத்தால் வளைவு முப்பதில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிடும். மிஞ்சுவது நடுவில் வரும் மெல்லிய வயிறு மட்டும்தான். நுனியில் துளை இருக்கக் கூடாத வேலை என்றால், அல்லது நீளம் இன்னும் அதிகம் என்றால், ஸ்டெடிக்கு வருவோம்.

வீட்டில் செய்யக்கூடியவற்றில் மிக எளியது மரத்தால் ஆன ஸ்டெடி. இதைக் கேட்டுச் சிரிப்பவர்கள் உண்டு. ஆனால் சிறு லேத்துக்கு இது நன்றாகவே உழைக்கும். தேக்கு, வேங்கை போன்ற கெட்டி மரத்தில் 25 முதல் 30 மி.மீ. கனமுள்ள பலகையை எடுத்து, அதன் அடிப்பகுதியை லேத் பெட்டின் மேல் ஆடாமல் உட்காரும்படி செதுக்கி, பெட்டின் இடைவெளி வழியாக ஒரு போல்ட்டும் அடியில் ஒரு பட்டையும் கொடுத்து இறுக்கும்படி செய்யுங்கள். துளையை மட்டும் வேறு எங்கும் போட வேண்டாம். பலகையைப் பெட்டில் நிறுத்தி, டிரில்லைச் சக்கில் பிடித்து, பலகையைக் கேரேஜால் (டூலைத் தாங்கிப் பெட்டின் மேல் நகரும் பகுதியால்) மெதுவாகத் தள்ளித் துளையுங்கள். அப்படிச் செய்தால் துளையின் மையம் லேத்தின் அச்சிலேயே விழும். அளவெடுக்கும் தொல்லையே இல்லை. துளையிலிருந்து மேல் விளிம்பு வரை ரம்பத்தால் ஒரு கீறல் போட்டு, குறுக்கே ஒரு திருகு வைத்தால், தண்டு லேசாக உரசும் வரை இறுக்கிக்கொள்ளலாம். துளைக்குள் கிரீஸ் தடவி ஓட்டுங்கள். ஒவ்வொரு விட்டத்துக்கும் ஒரு பலகை தேவைப்படும் என்பதுதான் இதன் குறை. ஏற்கெனவே உருண்டை சரியாக இருக்கும் பிரைட் பாருக்குத்தான் (குளிர்நிலையில் இழுத்து முடித்த பளபளப்பான தண்டுக்குத்தான்) இது பொருந்தும்; கரடுமுரடான கறுப்புத் தண்டு மரத்தைத் தின்றுவிடும்.

பல விட்டங்களுக்கும் ஒன்றே வேண்டும் என்றால், 12 மி.மீ. எம்.எஸ். பிளேட்டில் பெரிய துளை போட்டு, 120 பாகை இடைவெளியில் மூன்று விரல்களைப் பொருத்தி, அவற்றின் நுனியில் பித்தளை அல்லது நைலான் வையுங்கள். நுனியில் 608 எண் பேரிங் வைப்பவர்களும் உண்டு. அது உராய்வைக் குறைக்கும். ஆனால் வெட்டிய இரும்புச் சுருள் ஒன்று பேரிங்குக்கும் தண்டுக்கும் நடுவே மாட்டினால் தண்டில் பள்ளம் விழும். ஆகவே தண்டின் மேல் ஓர் அட்டை வட்டத்தை மாட்டி, டூலுக்கும் ஸ்டெடிக்கும் இடையே நிறுத்திச் சுருளைத் தடுக்க வேண்டும். விரல்களை அமைக்க ஒரு சுலபமான வழி இருக்கிறது. ஸ்டெடியைச் சக்கை ஒட்டி நிறுத்துங்கள். அங்கே தண்டு ஆடாமல் சுற்றும். அங்கேயே மூன்று விரல்களையும் மெல்லத் தொட வைத்துப் பூட்டிவிட்டு, பிறகு ஸ்டெடியை வேண்டிய இடத்துக்கு நகர்த்துங்கள். தண்டு நேராகவும் முழு நீளத்துக்கும் ஒரே விட்டமாகவும் இருந்தால் இதைவிடச் சரியான வழி வேறில்லை.

நீளம் முழுவதையும் ஒரே ஓட்டத்தில் கடைய வேண்டுமென்றால், நிற்கும் ஸ்டெடி குறுக்கே வந்துவிடும். கேரேஜோடு கூட வரும் ஸ்டெடிதான் வேண்டும். சிறு லேத்துகள் பலவற்றில் சேடிலில் (கேரேஜில் பெட்டின் மேல் உட்காரும் பகுதியில்) இதற்கென்றே இரண்டு மரைத் துளைகள் இருக்கும். 5 மி.மீ. கனமுள்ள ஆங்கிள் துண்டு ஒன்றை அங்கே முடுக்கி, இரண்டு பித்தளைத் திருகுகளை வைத்தால் போதும். வெட்டும் விசை தண்டைப் பின்னுக்கும் மேலுக்கும்தான் தள்ளுகிறது; ஆகவே ஒரு திருகு டூலுக்கு எதிரே, மற்றொன்று தண்டின் தலைக்கு மேலே. டூல் சிறிது தூரம் வெட்டிய பிறகு, அந்தப் புதிய பரப்பின் மேல் திருகுகளைத் தொட வையுங்கள்.

வார்ப்பிரும்பு பிராக்கெட் ஒன்றை மில்லிங் செய்யும்போது (சுழலும் கட்டரால் சீவும்போது), வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் காதுப் பகுதியில் மட்டும் அதிர்வு எழுந்து, பரப்பு அலை அலையாக வருகிறது. மரத் துண்டுகளையும் தகடுகளையும் அடுக்கி முட்டுக் கொடுத்துப் பார்த்தேன்; ஒவ்வொரு முறையும் அடுக்கு நழுவுகிறது. சிறிய ஜாக்கிகள் நல்லவை என்கிறார்கள். எப்படிச் செய்வது, எப்படி வைப்பது?
— வாசகர், குறிச்சி, கோயம்புத்தூர்

தகடு அடுக்குவதில் உள்ள தொல்லை, தேவையான உயரம் எப்போதும் இரண்டு தகடுகளுக்கு நடுவில் அமைந்துவிடும் என்பதே. ஒன்று தொடாது, இன்னொன்று ஜாபைத் தூக்கிவிடும். திருகு ஜாக்கி அந்த இடைவெளியை நிரப்புகிறது. வீட்டுப் பட்டறையில் முதலில் செய்ய வேண்டிய கருவி எது என்று யாராவது கேட்டால், நான் இதைத்தான் சொல்வேன். செய்வது எளிது, செலவு மிகக் குறைவு, லேத்தில் கை பழகுவதற்கும் நல்ல பயிற்சி.

30 மி.மீ. எம்.எஸ். உருளைத் தண்டும் எம் 10 (10 மி.மீ. விட்டமுள்ள) போல்ட்டும் நட்டும் போதும். தண்டைச் சக்கில் பிடித்து முகம் கடையுங்கள். இந்த முகம்தான் ஜாக்கியின் அடி. அடியின் நடுப்பகுதியில் அரை மி.மீ. ஆழத்துக்குக் குழிவு எடுத்துவிட்டால், ஜாக்கி விளிம்பில் மட்டும் உட்காரும். நடுவில் ஒரு சுருள் கிடந்தாலும் ஆடாது. அதே பிடிப்பில், தண்டைக் கழற்றாமலேயே, 8.5 மி.மீ. துளை போட்டு, டேப்பை (மரை வெட்டும் கருவியை) டெயில்ஸ்டாக் வழியாக நேர்காட்டி, சக்கைக் கையால் சுற்றி மரை எடுங்கள். மோட்டாரின் பிளக் அப்போது வெளியே இருக்க வேண்டும். அடிமுகமும் மரையும் ஒரே பிடிப்பில் வருவதால் போல்ட் அடிக்குச் செங்குத்தாக நிற்கும். ஜாக்கியில் துல்லியம் தேவைப்படும் ஒரே இடம் இதுதான். உயரம் 30 ஆனாலும் 31 ஆனாலும் எந்த நஷ்டமும் இல்லை. பிறகு 30 மி.மீ. நீளத்துக்கு அறுத்து, திருப்பிப் பிடித்து மேல் முகத்தைக் கடைந்து, விளிம்புகளின் பிசிறை எடுத்துவிடுங்கள்.

போல்ட் 8.8 என்ற வலிமைத் தரத்தில் இருக்கட்டும். தலையின் மேல் முகத்தைக் கடைந்து, லேசான குமிழாக ஆக்குங்கள். சற்றுச் சாய்ந்த வார்ப்புப் பரப்பையும் அது ஒரே புள்ளியில் தாங்கும். கடைந்து முடித்த பரப்புக்குக் கீழே வைக்க நேர்ந்தால், குமிழ் அடையாளம் பதிக்கும். இடையே ஒரு செப்புத் தகட்டு வில்லை வையுங்கள். போல்ட்டின் மேல் பகுதியில் ஒரு நட்டை ஓட்டிவிட்டால் அது பூட்டு. இந்த அளவில் ஜாக்கியின் மிகக் குறைந்த உயரம், உடல் 30, நட் 8.4, தலை 6.4 என்று சேர்ந்து ஏறத்தாழ 45 மி.மீ. வரும். அதைவிடத் தாழ்வாக வேண்டுமென்றால் உடலைக் குட்டையாக அறுக்கலாம். உயரமாக வேண்டுமென்றால் ஜாக்கிக்கு அடியில் முகம் கடைந்த ஓர் உருளையை வைக்கலாம். நீளமான போல்ட்டை வெளியே இழுத்துவிட்டு நிறுத்துவது மட்டும் கூடாது. அது முட்டாக இல்லாமல் வில்லாகிவிடும். எம் 10 மரையின் புரி இடைவெளி 1.5 மி.மீ. ஆகையால் கால் சுற்றுக்கு 0.375 மி.மீ. உயரும், விரல் நுனியாலேயே நுட்பமாக ஏற்ற இது போதும்.

செய்வதைவிட வைப்பதில்தான் தவறு நடக்கிறது. வார்ப்புப் பரப்பு சமமாக இருக்காது. மூன்று புள்ளிகளில் உட்கார்ந்தால் எந்த ஜாபும் ஆடாது, நான்காவது புள்ளி வந்தவுடன் ஒன்று அந்தரத்தில் நிற்கும். ஆகவே முதலில் மூன்று முட்டுகளில் மட்டும் பிராக்கெட்டை உட்கார வைத்து, அந்த மூன்றுக்கும் நேர் மேலே கிளாம்ப் போடுங்கள். முட்டு ஓரிடம், கிளாம்ப் வேறிடம் என்று வைத்தால், முடுக்கும்போதே ஜாப் வளைந்துவிடும்; வளைந்த நிலையில் தட்டையாக மில்லிங் செய்து, கிளாம்பைத் தளர்த்தியதும் அது தன் பழைய வடிவத்துக்குத் திரும்பும்; நீங்கள் வெட்டிய தட்டைப் பரப்பு கோணலாகிவிடும்.

அதிரும் காதுக்குக் கீழே வைக்கும் நான்காவது ஜாக்கியைக் கடைசியில் கொண்டு வாருங்கள். காதின் மேல் டயல் கேஜின் (நுண்ணிய அசைவை முள்ளால் காட்டும் கருவியின்) முனையை வைத்து முள்ளைப் பூஜ்யத்தில் நிறுத்துங்கள். ஜாக்கியை விரலால் திருகிக்கொண்டே முள்ளைப் பாருங்கள். தொடும் வரை முள் அசையாது. தொட்டபின் ஒரு மயிரிழை ஏற்றினால் முள் துடிக்கும், 0.01 மி.மீ. அசைவு தெரிந்தவுடன் நிறுத்தி, ஸ்பேனரால் போல்ட்டைப் பிடித்துக்கொண்டு பூட்டு நட்டை முடுக்குங்கள். டயல் கேஜ் இல்லாதவர்கள், காதுக்கும் ஜாக்கிக்கும் நடுவே மெல்லிய காகிதத் துண்டைச் சொருகி, இழுத்தால் இறுக்கமாக வரும் நிலையில் நிறுத்தலாம். காதின் மேல் தனியாகக் கிளாம்ப் போட வேண்டியிருந்தால், ஜாக்கி பூட்டிய பிறகு, அதற்கு நேர் மேலே, லேசாக மட்டும் போடுங்கள்.

பழைய பேரிங் வளையங்களையே பேரலலாக (ஜாபுக்கு அடியில் வைக்கும் சம உயரக் கட்டைகளாக) பயன்படுத்தலாம் என்று ஒரு மெக்கானிக் சொன்னார். நம்பலாமா?
— வாசகி, அம்பத்தூர், சென்னை

தாராளமாக நம்பலாம். பேரிங்கின் வெளிவளையம் கடினப்படுத்தப்பட்டு, இரு பக்கமும் கிரைண்டிங் செய்யப்பட்டது. பேரிங் எண் 6203 என்றால் அகலம் 12 மி.மீ., 6204 என்றால் 14, 6205 என்றால் 15, 6206 என்றால் 16. புதுப்பேட்டை போன்ற பழைய பாகச் சந்தைகளிலும், உங்கள் பகுதி மோட்டார் ரீவைண்டிங் கடைகளிலும் ஓடித் தேய்ந்தவை கிடைக்கும். தேய்வது பந்து ஓடும் தடம்தான். பக்கங்கள் அப்படியே இருக்கும்.

எண் ஒன்றாக இருந்தாலும் இரண்டு வளையங்களின் அகலம் துல்லியமாக ஒன்றாக இருக்கும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அகலத்தில் பேரிங் தயாரிப்பாளர்களுக்கு உள்ள சலுகை, விட்டங்களில் இருப்பதைவிடத் தாராளமானது. ஒரே வளையத்தைச் சுற்றி அளந்தால் ஒழுங்காக இருக்கும். வேறு வளையத்தோடு ஒப்பிட்டால் வித்தியாசம் தெரியலாம். மைக்ரோமீட்டரால் அளந்து, 0.01 மி.மீ.க்குள் ஒத்துப்போகும் இரண்டை ஜோடியாக்கி, கம்பியில் கோத்து வையுங்கள். பேரலலுக்கு அளவு என்ன என்பது முக்கியமல்ல; இரண்டும் ஒன்றா என்பதே முக்கியம். பட்டைத் தண்டில் பேரலல் செய்பவர்களுக்கும் இதே விதிதான்: இரண்டு துண்டுகளையும் சேர்த்துப் பிடித்து ஒரே ஓட்டத்தில் முடித்துவிட வேண்டும். பிரைட் பாரின் ஒரு பக்கத்தை மட்டும் ஆழமாகச் சீவினால், இழுவையில் ஏறிய உள் இறுக்கம் தளர்ந்து துண்டு வில்லாக வளையும். ஆகவே இரு பக்கமும் மாற்றி மாற்றிக் கொஞ்சமாகச் சீவுங்கள்.

வளையத்துக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. டிரில்லிங்கில் ஜாபுக்கு அடியில் வைத்தால், டிரில் நடுத்துளைக்குள் இறங்கிவிடும். பேரலலில் பள்ளம் விழும் என்ற பயமில்லை. லேத் சக்கின் முகத்துக்கும் மெல்லிய வில்லைக்கும் நடுவே வளையத்தை வைத்து வில்லையை நேராக உட்கார வைக்கலாம். ஆனால் சக்கை முடுக்கியதும் வளையத்தை வெளியே எடுத்த பிறகுதான் சுவிட்சில் கை வைக்க வேண்டும், இல்லையேல் அது பறந்து வரும்.

வெளிவளையத்தைப் பிரிக்கச் சுத்தியலால் உடைக்க முயலாதீர்கள். கடினப்படுத்திய எஃகு கண்ணாடித் துண்டுபோலச் சிதறும். பந்துகளைப் பிடித்திருக்கும் கேஜின் (கூட்டின்) ரிவிட்டுகளைச் சாணைக்கல்லால் தேய்த்து எடுத்துவிட்டு, பந்துகளை எல்லாம் ஒரு பக்கம் ஒதுக்கினால், உள்வளையம் எதிர்ப்பக்கம் சரிந்து தானே வெளியே வரும். பாதுகாப்புக் கண்ணாடி அணிந்து செய்யுங்கள்.

உருண்டைத் தண்டின் குறுக்கே நடுவில் துளை போட்டால், எப்போதும் சற்று விலகிப் போகிறது. வி பிளாக் (தண்டை உட்கார வைக்கும் வி வடிவப் பள்ளமுள்ள கட்டை) வாங்க இங்கே வசதியில்லை. ஆங்கிள் இரும்பைக் கவிழ்த்து வைத்தால் ஆகாதா?
— வாசகர், யாழ்ப்பாணம்

குழாயை அறுக்கவும், கேட் கம்பிக்குத் துளை போடவும் ஆங்கிள் இரும்பு போதும். கவிழ்க்காமல் மல்லாத்தி, இரண்டு பக்கமும் மரக்கட்டை முட்டுக் கொடுத்து வையுங்கள். துல்லிய வேலைக்கு அது உதவாது. உருட்டிச் செய்த ஆங்கிளின் உள்மூலை வளைவாக இருக்கும், இரு சிறகுகளுக்கும் இடையே 90 பாகை சரியாக இருப்பதும் அரிது. கெட்டி மரக்கட்டையில் ரம்பத்தால் 45 பாகை சாய்வில் இரண்டு வெட்டுப் போட்டு எடுக்கும் வி பள்ளம், டிரில்லிங் மெஷினுக்கு நல்ல முட்டாகும். அடியில் ஒரு சிறு பள்ளம் வெட்டிவிட்டால் சுருளும் பிசிறும் அங்கே ஒதுங்கும்.

துளை விலகுவதற்குக் காரணம் பெரும்பாலும் பிளாக் அல்ல. வி பள்ளத்தின் மையம் ஸ்பிண்டிலுக்கு (டிரில்லைச் சுழற்றும் அச்சுத்தண்டுக்கு) நேர்கீழே இல்லாததுதான். டிரில் சக்கில், முனை கூம்பாகக் கடைந்த கம்பியைப் பிடித்து, வி பள்ளத்துக்குள் இறக்கி, கூம்பு இரு சுவர்களையும் ஒரே நேரத்தில் தொடும்படி பிளாக்கை நகர்த்திக் கிளாம்ப் போடுங்கள். அதன் பிறகு எந்த விட்டத்துத் தண்டை வைத்தாலும், துளை நடுவில்தான் விழும். சரிபார்க்க இன்னொரு வழி: தண்டைப் பள்ளத்தில் வைத்து, ஆறு அங்குல எஃகு ஸ்கேலை அதன் மேல் குறுக்கே கிடத்தி, கூம்பு முனையை மெல்ல இறக்கி ஸ்கேலை நடுவில் அழுத்துங்கள். முனை நடுவில் இருந்தால் ஸ்கேல் மட்டமாக நிற்கும். விலகியிருந்தால் ஒரு பக்கம் சாய்ந்து, எந்தப் பக்கம் நகர்த்த வேண்டும் என்பதையும் அதுவே காட்டிவிடும்.

மில்லிங் வசதி உள்ள நண்பரிடம் இரும்பில் செய்து வாங்குவதானால், இரண்டு கட்டைகளைச் சேர்த்துப் பிடித்து ஒரே ஓட்டத்தில் வெட்டச் சொல்லுங்கள். 90 பாகை பள்ளத்தில் தண்டின் மையம், பள்ளத்தின் கூர்முனையிலிருந்து விட்டத்தின் 0.707 மடங்கு உயரத்திலும், தண்டின் தலை 1.207 மடங்கு உயரத்திலும் நிற்கும். அடியில் சிறு பள்ளம் வெட்டியிருந்தாலும், இரு சுவர்களையும் நீட்டினால் சந்திக்கும் இடத்திலிருந்தே இந்தக் கணக்கு. இரண்டு வெவ்வேறு விட்டமுள்ள படித்தண்டை இரண்டு பிளாக்குகளில் மட்டமாக வைக்க வேண்டுமானால், மைய உயர வித்தியாசத்துக்குத் தகடு வையுங்கள்: 20க்கும் 30க்கும் அது 7.07 மி.மீ.

கிளாம்ப் முடுக்கும்போது மெஷின் மேசையின் டி பள்ளத்து (கிளாம்ப் மாட்டும் தலைகீழ் டி வடிவப் பள்ளத்து) உதடு ஓரிடத்தில் பெயர்ந்துவிட்டது. அந்தப் பள்ளத்துக்குள் நுழையும் டி நட்டை நானேதான் செய்தேன். எங்கே பிழை?
— வாசகர், திருவெறும்பூர், திருச்சி

டி நட்டின் மரை அடிவரை முழுதாக ஓடியிருக்கும் என்பது என் ஊகம். ஸ்டட் (தலையில்லாத போல்ட்) நட்டைக் கடந்து கீழே இறங்கி, பள்ளத்தின் தரையில் முட்டியவுடன், அதுவே ஒரு ஜாக்கியாகி நட்டை மேலே தள்ளும். வார்ப்பிரும்பு உதடு இழுவையைத் தாங்காது. டி நட்டின் கடைசி ஒன்றிரண்டு புரிகளை மரை எடுக்காமல் விட்டுவிடுங்கள். ஏற்கெனவே செய்துவிட்டவற்றில் அடியிலிருந்து சென்டர் பஞ்சால் குத்தி மரையைச் சிதைத்துவிட்டால் ஸ்டட் அங்கேயே நிற்கும். நட்டின் கழுத்து மேசைப் பரப்புக்கு மேலே எட்டிப் பார்க்கவும் கூடாது. எட்டிப் பார்த்தால், கிளாம்ப் ஜாபுக்குப் பதிலாக நட்டையே அழுத்தும்.

கிளாம்ப் பட்டையின் போல்ட், ஜாபுக்கு அருகில் இருக்க வேண்டும். ஜாபுக்கும் பின்முட்டுக்கும் (பட்டையின் மறுமுனையைத் தாங்கும் முட்டுக்கும்) இடையே 90 மி.மீ. இருந்து, போல்ட் ஜாபிலிருந்து 30 மி.மீ. தள்ளி நின்றால், முடுக்கும் விசையில் மூன்றில் இரண்டு பங்கு ஜாபுக்குப் போகும். போல்ட்டைப் பின்முட்டின் பக்கம் அதே அளவு தள்ளினால், ஜாபுக்குக் கிடைப்பது மூன்றில் ஒரு பங்கு. அதை ஈடுகட்டத்தான் பலரும் ஸ்பேனரில் குழாய் மாட்டுகிறார்கள், உதடும் பெயர்கிறது. பின்முட்டு ஜாபைவிட ஒரு மயிரிழை உயரமாக இருக்கட்டும். 58 துண்டுகள் கொண்ட கிளாம்ப் செட் வாங்க வசதியிருந்தால் வாங்கிக்கொள்ளுங்கள். படிக்கட்டுப் போன்ற அந்தப் பின்முட்டுகளைக் கையால் அறுத்து உட்காருவது நேரத்துக்குக் கேடு.

மெல்லிய சுவருள்ள பித்தளை வளையத்தைச் சக்கில் பிடித்து உள்விட்டம் கடைகிறேன். சக்கில் இருக்கும்போது வட்டமாக இருப்பது, கழற்றியதும் மூன்று மூலையாகிவிடுகிறது.
— வாசகர், ஓசூர்

மூன்று தாடைகளும் வளையத்தை மூன்று இடத்தில் அமுக்கிவிட்டன; அமுங்கிய வடிவத்தில் நீங்கள் வட்டம் வெட்டினீர்கள்; விட்டதும் அது நிமிர்ந்துகொண்டது. கீறிய புஷ் (பக்கவாட்டில் பிளவுள்ள குழல்) ஒன்று செய்யுங்கள். அலுமினியம் அல்லது நைலான் துண்டைச் சக்கில் பிடித்து, வளையத்தின் வெளிவிட்டம் கையால் தள்ளினால் நுழையும் அளவுக்கு உள்ளே கடையுங்கள். முதல் தாடைக்கு நேரே ஒரு அடையாளம் போட்டுக் கழற்றி, இரண்டு தாடைகளுக்கு நடுவில் வரும் இடத்தில் ஹேக்சாவால் ஒரு கீறல் அறுத்து, பிசிறை எடுத்து, அடையாளம் பார்த்து அதே இடத்தில் மாட்டுங்கள். இப்போது தாடைகள் புஷ்ஷை அமுக்கும், புஷ் வளையத்தைச் சுற்றிலும் சமமாகப் பிடிக்கும். புஷ்ஷின் சுவர் தடிமனாக இருப்பது நல்லது. மரை உள்ள தண்டையும் பளபளப்பு முடித்த ஜாபையும் பிடிக்க இதே புஷ் உதவும். வேலை முடிந்ததும் அளவை எழுதி டப்பாவில் போட்டு வையுங்கள். அடுத்த அளவுக்கு அதையே பெரிதாக்கிக்கொள்ளலாம்.

வளையம் அல்லாமல் 2, 3 மி.மீ. வில்லை என்றால், சக்கில் ஓர் அலுமினியத் துண்டைப் பிடித்து, முகம் கடைந்து, அதன் மேல் சூப்பர் குளூவால் ஒட்டி, டெயில்ஸ்டாக்கால் அழுத்திப் பிடித்து உலர விடுங்கள். மெல்லிய கட் மட்டும் எடுக்க வேண்டும். முடிந்ததும் ஹாட் ஏர் கன்னால் சூடாக்கினால் விட்டுக்கொடுக்கும்; புகை கண்ணை எரிக்கும், ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

நீளமான கம்பியை ஸ்பிண்டில் துளைக்குள் விட்டு நுனியை மட்டும் கடையும்போது, பின்பக்கம் ஒரு மீட்டர் வரை நீட்டிக்கொண்டிருக்கிறது. அதற்கும் முட்டு வேண்டுமா?
— வாசகர், இராஜபாளையம்

கட்டாயம் வேண்டும், முட்டுக் கொடுக்க முடியாவிட்டால் கம்பியை அறுத்துவிடுங்கள். மெல்லிய கம்பி குறைந்த வேகத்தில் அமைதியாகச் சுற்றும். வேகம் ஓர் எல்லையைத் தாண்டியதும் லேசாக வளையும், வளைந்தவுடன் சுழற்சியே அதை மேலும் வெளியே இழுக்கும், ஒரு நொடியில் செங்கோணத்தில் மடங்கிச் சாட்டையாக வீசும். சுவிட்சை எட்டுவதற்கு அவகாசம் இருக்காது.

ஸ்பிண்டிலின் பின்வாயில் நுழையும்படி ஒரு நைலான் புஷ்ஷைக் கடைந்து, நடுவில் கம்பி அளவுக்குத் துளை போடுங்கள். கம்பி ஸ்பிண்டிலுக்குள் ஆடுவதை அது நிறுத்தும். வெளியே நீட்டும் பகுதிக்கு, கம்பியைவிடச் சற்றே பெரிய உள்விட்டமுள்ள குழாயை, லேத்தின் அச்சுக்கு நேராகத் தரையில் போல்ட் போட்ட தாங்கியில் நிறுத்தி, கம்பி முழுவதும் குழாய்க்குள் சுற்றும்படி விடுங்கள். கம்பியின் நுனி குழாயின் வாயைத் தாண்டி வெளியே வரக் கூடாது. அதோடு, அந்தப் பக்கம் யாரும் நடமாடாதபடி ஒரு பெஞ்சையோ பலகையையோ குறுக்கே போட்டுவிட்டு, மிகக் குறைந்த வேகத்தில் தொடங்குங்கள்.

மெல்லிய தகட்டில் துளை போடும்போது, டிரில் மறுபக்கம் வெளியேறும் நேரத்தில் தகடு சுழன்று கையை வெட்டிவிட்டது. வைஸில் (இறுக்கிப் பிடிக்கும் கருவியில்) தகடு நிற்பதில்லை.
— வாசகி, பல்லடம்

தகட்டை இரண்டு மரப் பலகைகளுக்கு நடுவே வைத்து, மூன்றையும் சேர்த்துக் கிளாம்ப் போட்டுத் துளையிடுங்கள். அடிப்பலகை தகட்டின் முதுகைத் தாங்குவதால், டிரில் வெளியேறும்போது கவ்வி இழுக்காது, பிசிறும் குறையும். அடிப்பலகையை மேசையைவிட நீளமாக வைத்து, அதன் நீண்ட முனை மெஷினின் தூணுக்கு இடப்பக்கமாகத் தூணைத் தொட்டு நிற்கும்படி செய்யுங்கள். மேலிருந்து பார்த்தால் டிரில் கடிகார முள்ளின் திசையில் சுற்றுகிறது. ஆகவே பலகை இழுபட்டாலும் தூணில் முட்டி நின்றுவிடும், உங்கள் பக்கம் வராது. வைஸில் பிடிக்கும் வேலைக்கும் இதே ஏற்பாடு பொருந்தும்: வைஸின் கைப்பிடிப் பக்கத்தை அதே இடப்பக்கத் தூணில் சாய்த்து வைக்கலாம், அல்லது மேசைத் துளை ஒன்றில் எம் 12 போல்ட்டை நிறுத்தி, அதில் சாய வைக்கலாம்.